ஆக்கர் கடைக்குப் போன மேலத்தெரு

வண்ணார்பேட்டை,
6 ஜனவரி 2025

அன்புள்ள டெல்பின்,

போன் செய்ய வேண்டாம், சொல்ல வேண்டியதை எழுதட்டும் என்று உன் அண்ணன் கிளமென்ட் மச்சானிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். எழுதுகிறேன். புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் இருந்த காலத்தில் நாம் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொண்டதில்லை. அதனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுந்து எழுந்து போகிறேன். முதல் நாலு வரியை டீக்கடையில் எழுதினேன். மீதியை அம்பாசமுத்திரம் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். நாம் கைக்காசைப் போட்டு எடுத்து இணையத்தில் விட்ட ‘செவ்வாய் மேலத்தெரு’வுக்கு இரண்டாம் பாகம் வேண்டும் என்று சென்னைக் கம்பெனி ஒன்று கேட்டுவிட்டது. செலவு அவர்களுடையது. ஏப்ரலில் படப்பிடிப்பு. ஒரே நிபந்தனை, முதல் பாகத்தில் பார்த்த அதே தெரு வேண்டுமாம். செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோன திருநெல்வேலிக்காரர்கள் தண்ணீருக்குச் சண்டை போடுகிற அதே தெரு. அதே ரேஷன் கடை. கிளம்பவே கிளம்பாத அந்த ராக்கெட் வண்டி.

அதில் ஓர் ஆணிகூட இப்போது நம்மிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

கல்லிடைக்குறிச்சி ரைஸ்மில் குடோன் இனிக் கிடைக்காது. மணிமுத்தாறு போகிற வழியில் மூடிக் கிடந்த கோழிப்பண்ணை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். கழுவிக் கழுவிப் பார்த்தும் வாடை போகவில்லை. உன்னிடம் வேலை பழகிய கலையரசிதான் இப்போது செட் வேலையைப் பார்க்கிறாள். பழைய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைகிறாள். ஆசாரி சொரிமுத்து அண்ணாச்சி ரேஷன் கடைச் சுவரைத் தெர்மாகோலில் செய்து வெள்ளி பெயின்ட் அடித்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, “இது செவ்வா மாதிரி இல்லியே தம்பி. ஐஸ்பெட்டிக்குள்ள போயி நிக்க மாதிரில்லா இருக்கு” என்றார்.

அந்தச் சுவரை நீ எதில் செய்தாய்? கதவு எது? தரைக்கு அந்த நிறம் எப்படி வந்தது? எழுதினால் போதும். உன்னை வரச் சொல்லவில்லை.

அன்புடன்,
ராஜ்

உவரி,
17 ஜனவரி 2025

பெருமாள்ராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. நான் கல்யாண மேடை, கோவில் திருவிழா அலங்காரம் என்று நாகர்கோவில் வரை போய்வருகிறேன். பொங்கல் கழிந்து இப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைத்தது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சுவர் தெர்மாகோல் இல்லை, பாய். பத்தமடையில் கோணிப்போன முரட்டுப் பாய்களை ஒதுக்கிப் போட்டிருப்பார்கள், சல்லிசாகத் தருவார்கள். அதன் மேல் மைதாப் பசை. காய்ந்ததும் அலுமினியப் பெயின்ட். அதற்கும் மேல், டீத்தூளைக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். விளக்கைச் சுவரின் முகத்தில் அடிக்கக் கூடாது, பக்கவாட்டில் வைக்க வேண்டும். அப்போதுதான் கோரையின் வரி நிழலாக விழுந்து தகடு மாதிரித் தெரியும். கதவு, பழைய பிரிட்ஜின் கதவு. தரை, செங்கல் சூளையில் தங்குகிற பொடி. தேரிக்காட்டுச் செம்மணல்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், கேட்க வேண்டாம். கொட்டகைக்குள் விளக்கு பட்டால் அது கறுத்துவிடும்.

இதையெல்லாம் செய்தாலும் மேலத்தெரு வராது. பொருளை வரைய வேண்டாம், ஆளை யோசி என்று கலையரசியிடம் சொல்லுங்கள். ரேஷன் கடைக்காரர் செவ்வாய்க்கு வந்து எவ்வளவோ வருஷம் ஆகிறது. அவர் தலை சாய்த்துச் சாய்த்துக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமானவள் ஆக்ஸிஜன் குழாயின் மேல் ஈரத்துணி காயப்போடுவாள், அதனால்தான் அந்தக் குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது. யார் எங்கே கை வைப்பார்கள் என்று தெரியாமல் பிரஷ்ஷைத் தொடக் கூடாது.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் பழைய தெருவையே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆக்கர் கடையில் பழைய இரும்போடு எடைக்குப் போட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
டெல்பின்

மணிமுத்தாறு,
11 பிப்ரவரி 2025

அன்புள்ள டெல்பின்,

பத்தமடைக்கு நானே போய்ப் பாய் எடுத்துவந்தேன். நீ சொன்னபடி விளக்கைப் பக்கவாட்டில் வைத்ததும், சிராஜுதீன் கேமராவில் வைத்த கண்ணை எடுக்கவேயில்லை. “டெல்பின் அக்கா வந்துட்டாங்களா?” என்று கேட்டான்.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கம்பெனியிலிருந்து ப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். “சார், எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா இங்க யாரும் வாழ்ந்த மாதிரி இல்ல. கல்யாண செட் மாதிரி இருக்கு” என்றாள். மார்ச்சுக்குள் சரியாகவில்லை என்றால் எல்லாவற்றையும் சென்னை ஸ்டுடியோவுக்கு மாற்றிவிடுவார்களாம். பின்னால் ஒரு பெரிய திரையில் செவ்வாயை ஓட்டிவிட்டு, முன்னால் ஆட்களை நிறுத்திப் பேசவைத்துவிடலாமாம். அவள் கார் ஏறிப் போனதும் கலையரசி கோழித்தீவன அறைக்குள் போய் அழுதாள். நானும் எங்கேயாவது போயிருப்பேன், எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. கொட்டகைக்கும் அணைக்கும் நடுவே வண்டியை எடுத்துக்கொண்டு சும்மா அலைகிறேன்.

அந்தக் குடோன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மில்காரர் நெல் இறக்க வேண்டும், உடனே காலி செய் என்று வந்து நின்றார். இரண்டாம் பாகம் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? நீ மாமா இறந்து உவரியில் இருந்தாய். துக்க வீட்டில் இருக்கிறவளை இதைக் கேட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று நானே முடிவெடுத்து ஏற்றி அனுப்பினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

ராஜ்

உவரி,
19 பிப்ரவரி 2025

ராஜ்,

கல்யாண செட் என்றால் அவ்வளவு இளக்காரமா? அதில்தான் நான் சாப்பிடுகிறேன்.

தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் கேட்கவில்லை என்கிறாய். அந்த நாள் எனக்கு எப்படிப் போனது என்று நீ இதுவரை கேட்டதில்லை. நானே சொல்கிறேன்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் அழுததில் எனக்கு அழுகையே வரவில்லை. வண்ணார்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு வரவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கல்லிடைக்குறிச்சி போனேன். அந்தத் தெருவுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் ஆசை.

ராக்கெட் வண்டிக் கதவின் சக்கரத்தைச் செய்தது யார்? குழாய்களை வளைத்தது யார்? படகு எஞ்சின் பார்த்த என் அப்பா. நம் வீட்டில் வந்து தங்கி, பேரன் பேத்திக்குப் பொம்மை செய்கிறவர் மாதிரி உட்கார்ந்து செய்தார். “ஏளா டெல்பி, இது பறக்குமா?” என்று கேட்பார். பறக்காதுப்பா என்றால், “பொறவு எதுக்கு இவ்வளவு இறுக்கமா போல்ட் போடச் சொல்லுத?” என்று சிரிப்பார். கதவில் டி.என். 72 என்று நம்பர் எழுதியதும் அவர்தான். அவர் கை செய்த கடைசி வேலை அது. திரும்பிப் போனவர் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

குடோனைத் திறந்தால் கூரை வரைக்கும் நெல்மூட்டை. சுமை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், “யாரத் தேடுதீங்க?” என்று கேட்டார். என் தெருவைக் காணோம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? அதற்கு முந்தின டிசம்பர் வெள்ளத்துக்குத் தப்பிய தெரு, ராஜ், அது. வெள்ளம் வாசல் வரை வந்து திரும்பிப் போயிற்று. உனக்குத் தப்பவில்லை.

அங்கே நின்றே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அது வெறும் செட்டுதான டெல்பின், இன்னொண்ணு போட்டுக்கலாம்லா.”

போடு. இன்னொன்று போட்டுப் பார்.

நான் வர மாட்டேன்.

டெல்பின்

வண்ணார்பேட்டை,
5 மார்ச் 2025

டெல்பின்,

உன் கடிதத்தைப் படித்த அன்றே பூதலிங்கம் அண்ணாச்சியின் ஆக்கர் கடைக்குப் போனேன். சக்கரம் மட்டுமாவது கிடக்காதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போன வருசத்து இரும்பையா இப்ப வந்து கேக்கீரு? அது உருகிக் கம்பியாயி யார் வீட்டுக் கான்கிரீட்டுக்குள்ள கெடக்கோ வே” என்றார். அப்படியும் விடாமல் பின்கட்டுக் குவியலையெல்லாம் புரட்டினேன். இல்லை.

கிடைத்திருந்தால் அதை உன் முன்னால் கொண்டுவந்து வைத்திருப்பேன். வைத்துவிட்டு, இனி என்ன கோபம் என்று கேட்டிருப்பேன். திரும்பி வரும் வழியில் இது தோன்றியதும் வண்டியை ஓரம் கட்டி நின்றுவிட்டேன். கிடைக்காததே நல்லது.

ப்ரியாவுக்குப் போன் செய்தேன். அந்தத் தெருவை உருவாக்கியது நானில்லை, டெல்பின்தான், அதே மாதிரி இன்னொன்று செய்து தர என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். “அப்ப ஸ்டுடியோல ஸ்கிரீன் வச்சே பண்ணிடலாம் சார்” என்றாள். அதுவும் மாட்டேன் என்றேன். பிறகு என்னதான் செய்வீர்கள் என்றாள். தெரியவில்லை என்றேன். மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறாள், இல்லையென்றால் கைவிட்டுவிடுவார்கள்.

கலையரசியும் சொரிமுத்து அண்ணாச்சியும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். சும்மா நிற்கப் பயமாக இருக்கிறது, அதனால் நடந்துகொண்டே இருக்கிறேன்.

உன்னை வா என்று இனிக் கேட்க மாட்டேன்.

ராஜ்

உவரி,
10 மார்ச் 2025

ராஜ்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பாவம்ளா அந்தப் பய” என்றாள். என்னை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

கோபம் போகவில்லை. உன்னை ஏசிக்கொண்டேதான் ஒரு மேடைக்குத் துணி அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. வாயில் ஆணியை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன், அதனால் எழுதுகிறேன்.

பழைய தெருவைத் திரும்பச் செய்யாதே. அது இல்லை என்பதையே கதையாக்கு. மேலத்தெரு மொத்தமும் பக்கத்துக் கிரகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறது. திரும்பி வந்து இறங்கினால் தெருவைக் காணோம். பஞ்சாயத்துத் தலைவர் முழுத் தெருவையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கேட்டால், “வெறும் தெருதான வே, இன்னொண்ணு போட்டுக்கலாம்” என்கிறார். வெறும் செம்மண்ணில் பட்டுச் சேலையோடும் தாம்பூலப் பையோடும் நிற்கிறார்கள். முதல் சண்டையே யார் வீடு எங்கே இருந்தது என்பதில்தான். ரேஷன் கடைக்காரர் இதுதான் என் கல்லா இருந்த இடம் என்று மண்ணில் உட்கார்ந்துவிடுகிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். பிறகு, கல்யாண வீட்டிலிருந்து என்ன வருகிறதோ அதை வைத்துக் கட்டுகிறார்கள். பந்தல் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, பந்தி மேஜை, சீரியல் லைட். ஆமாம், கல்யாண செட்தான். ப்ரியாவிடம் சொல். அந்தச் சாமான் எல்லாம் என்னிடம் கிடக்கிறது.

செய்வதென்றால் நான்தான் செய்வேன். ஒப்பந்தம் என் பெயரில், நேராகக் கம்பெனியோடு. கலையரசி என்னோடு சம உரிமையில் வேலை பார்ப்பாள். அவளோடு அம்பாசமுத்திரத்தில் தங்கிக்கொள்வேன், வண்ணார்பேட்டை வீட்டுக்கு வர மாட்டேன். வேலை நடக்கிற இடத்தில் வீட்டுப் பேச்சு கூடாது. எல்லாம் முடிந்ததும் செட்டைப் பிரிப்பது நான். நீ ஓர் ஆணியைத் தொடக் கூடாது.

டெல்பின்

மணிமுத்தாறு,
14 மார்ச் 2025

டெல்பின்,

எல்லாவற்றுக்கும் சம்மதம்.

ப்ரியா கதையைக் கேட்டுவிட்டுப் போனிலேயே சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். பஞ்சாயத்துத் தலைவர் பேசுவதாக நீ எழுதிய வசனத்தைக் கையெழுத்துப் பிரதியில் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அப்படியே எழுதிவிட்டேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

சொரிமுத்து அண்ணாச்சியிடம் சொன்னேன். “வெள்ளத்துல வீடு போனதுக்குப் பொறவு நாலு கம்ப நட்டுத் தார்ப்பாயக் கெட்டி ரெண்டு மாசம் கெடந்தவன் நான். இது எனக்குத் தெரியும். டெல்பின வரச் சொல்லும்” என்றார்.

பாய்களைப் பிரித்து அடுக்கிவிட்டோம். கொட்டகை காலியாக இருக்கிறது.

ராஜ்

அம்பாசமுத்திரம்,
4 ஜூன் 2025

அன்புள்ள ராஜ்,

தினமும் பார்த்துக்கொண்ட பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நேரில் சொல்லத் தொடங்கினால் நீ குறுக்கே பேசுவாய், நான் நிறுத்திவிடுவேன்.

நல்ல வேலை செய்தோம். கோழிப்பண்ணைக் கம்பிவலை வழியாகக் காற்று புகுந்து பந்தல் துணி முழுதும் உப்பி உப்பித் தாழ்ந்ததைப் பார்த்து, இன்னும் ஒரு விசிறி வைக்கலாமா என்று கேட்ட கலையரசியைச் சிராஜுதீன், இந்தக் காற்றே போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினானே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பஞ்சாயத்துத் தலைவர் அந்த வசனத்தைப் பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரேஷன் கடை மேஜை கேமராவுக்கு இடைஞ்சலாக இருந்தது. ஒரு சாண் தள்ளினால் போதும். நான் அப்போது வெளியே சொரிமுத்து அண்ணாச்சியோடு ஏணி கட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை ஆட்களையும் நிறுத்திவைத்துவிட்டு நீ வெயிலில் நடந்து வந்து, “டெல்பின், அந்த மேஜையக் கொஞ்சம் நவுத்தலாமா?” என்று கேட்டாய். நான் ஏணியை விட்டு இறங்கி வரும் வரை காத்திருந்தாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

இவனோடு இனி எந்த வேலையும் பார்க்கலாம் என்று தோன்றியது. திரும்ப இவனோடு குடியிருக்கலாம் என்றும் அடுத்து தோன்றும் என்று நினைத்தேன். காத்திருந்தேன். கடைசி நாள் படப்பிடிப்பு வரை காத்திருந்தேன். தோன்றவில்லை, ராஜ். இது பழைய கோபம் இல்லை. கோபம் எந்த நாளில் போனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அது போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை.

நேற்றுச் செட்டைப் பிரித்தோம். பாய்கள் சொரிமுத்து அண்ணாச்சிக்கு. வாடகைச் சாமான்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கடைசித் துணியை அவிழ்க்கும்போது எனக்கு அழுகை வந்தது. சும்மா கண்ணீர் இல்லை, சத்தம் போட்டு. அப்பா செத்ததற்கு வராத அழுகையெல்லாம் அந்தக் கோழிக் கொட்டகையில் வந்தது. கலையரசி பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அழுது முடித்துவிட்டு மீதித் துணியை மடித்தேன்.

கொச்சியில் ஒரு படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். நாம் பிரிந்துகொள்ளலாம். உன் கோவிலிலும் இல்லாமல் என் கோவிலிலும் இல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தோம், சண்டையில்லாமல் இன்னொரு கையெழுத்துப் போடலாம். வக்கீல் விஷயம் அண்ணன் உன்னிடம் பேசுவான். அவனிடம் கோபப்படாதே, அவனுக்கு உன்னைப் பிடிக்கும்.

வீட்டில் என் தையல் மெஷினும் கருவிப் பெட்டியும் துணிமணியும் இருக்கின்றன. எப்போது வந்தால் உனக்கு வசதி என்று எழுது.

டெல்பின்

வண்ணார்பேட்டை,
12 ஜூன் 2025

அன்புள்ள டெல்பின்,

இதற்கு முன்னால் எழுதிய பதில்களைக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஓர் இடத்தில் உன்னைச் சமாதானப்படுத்துகிற ஒரு வரி வந்து நின்றது.

மச்சான் பேசினார். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டப்பிங் வேலையாகத் திங்கட்கிழமை சென்னை போகிறேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் இருக்க மாட்டேன். உனக்கு எந்த நாள் தோதுப்படுகிறதோ அன்றைக்கு வா. சாவி கீழ்வீட்டு ஜெபகனி அக்காவிடம் இருக்கும். நீ வருவாய் என்று மட்டும் சொன்னேன். “வரட்டும், வரட்டும்” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உன் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிடலாமா, உனக்கு வேலை மிச்சமாகுமே என்று நேற்று முழுதும் கை பரபரத்தது. அட்டைப்பெட்டிகூட வாங்கிவந்தேன். அப்படியே மடக்கி வாசலில் சாத்திவிட்டேன். எல்லாம் நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன. நாம் சேர்ந்து வாங்கியவற்றிலும் எது வேண்டுமோ எடுத்துக்கொள். எதை எடுப்பது, எதை விடுவது என்று நீயே பார்த்து முடிவு செய். நான் எதையும் தொடவில்லை.

மாடிக் கதவு மட்டும் சாரல் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. போகும்போது தாழ் போட்டுவிட்டுப் போ.

ராஜ்